வீட்டுக்கு வரும் புத்தகம்

நவம்பர் 14, 2024, வியாழன்

தேசிய நூலக வாரம் இன்று தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் நேரு பிறந்த நாளில் ஆரம்பித்து இருபதாம் தேதி வரை நடக்கும். ஹைதராபாத் அப்சல்கஞ்சில் உள்ள மாநில மத்திய நூலகத்துக்குப் போய்வந்தேன். நாங்கள் இருக்கும் பத்மாராவ் நகரிலிருந்து அது இப்போது தொலைவே இல்லை. செகந்திராபாத் வெஸ்ட் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, மகாத்மா காந்தி பஸ் நிலையத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். 2020 பிப்ரவரியில் திறந்த இந்தப் பச்சை வழித்தடத்தை ஒட்டி ஊரின் மூன்று முக்கியமான நூலகங்கள் வரிசையாக இருக்கின்றன: சிக்கட்பள்ளியில் நகர மத்திய நூலகம், சுல்தான் பஜாரில் ஸ்ரீகிருஷ்ணதேவராய ஆந்திர பாஷா நிலையம், கடைசியில் அப்சல்கஞ்ச். இந்த வாரத்துக்குள் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். புத்தகத்தை இரவல் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் இன்னும் யார் யார், அவர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அறிய ஆசை.

அப்சல்கஞ்ச் நூலகம் மூசி ஆற்றங்கரையில், உஸ்மானியா மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அக்கரையில் உயர் நீதிமன்றம். 1891இல் இமாதுல் முல்க் சையது உசேன் பில்கிராமியின் முயற்சியால் ஆசஃபியா நூலகம் என்ற பெயரில் பிறந்தது; 1936இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. அப்போது ஆண்ட நிஜாமின் ஆட்சிமொழி உருது. மக்கள் பேசியதோ தெலுங்கும் மராத்தியும் கன்னடமும்கூட. அந்தப் பழைய ராஜ்யத்தின் எல்லை முழுவதையும் இன்று இந்த அலமாரிகளில்தான் பார்க்க முடிகிறது. மாநிலம் பிரிந்து, சேர்ந்து, மறுபடி பிரிந்த பிறகும் மராத்திப் புத்தகமும் கன்னடப் புத்தகமும் போகாமல் இங்கேயே இருக்கின்றன.

செய்தித்தாள் மேஜைகள் நிறைந்திருந்தன. இரவல் தரும் பக்கம் கூட்டமில்லை. தெலுங்கு நாவல் ரேக் முன்னால் நின்ற ஒரு பெரியவரை வெகுநேரம் கவனித்தேன். புத்தகத்தை எடுத்ததும் அவர் தலைப்பைப் பார்க்கவில்லை. தேதிச் சீட்டு ஒட்டிய பக்கத்தைத் திறந்தார். ஸ்டாம்ப் வரிசையாக விழுந்திருந்தால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சீட்டு காலியாக இருந்தால் திரும்ப வைத்துவிட்டார். கேட்டேன். ஊரார் எடுத்துப் படித்த புத்தகம் வீண்போகாது என்றார். விமர்சனம், விருது எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. முகம் தெரியாத வாசகர்கள் விட்டுச்சென்ற தேதிகளே அவருக்குப் பரிந்துரை.

நல்ல வாசகர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இன்னும் சிலர் ரேக் பக்கமே போகமாட்டார்கள். அன்று திரும்பி வந்து மேஜையில் கிடக்கும் புத்தகங்களைத்தான் கிளறுவார்கள். யாரோ விரும்பி எடுத்தது, இன்னும் சூடாறாதது என்று ஒரு நம்பிக்கை. கணினியில் பதிவு வந்த பிறகு பல இடங்களில் தேதிச் சீட்டு ஒட்டுவதே நின்றுபோயிற்று. நூலகருக்குக் கணினி எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசகருக்கு வாசகர் சொல்லிக்கொண்டிருந்த ஒரு செய்தியும் அதோடு நின்றுவிட்டது. சீட்டு ஒட்டுவதற்குப் பெரிய செலவில்லை. ஒட்டலாம்.

நவம்பர் 15, வெள்ளி

கார்த்திகைப் பௌர்ணமி, அரசு விடுமுறை. மாலையில் அம்மா வாசலில் விளக்கேற்றினாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பாதியில் விட்ட தெலுங்கு நாவலை எடுத்தாள்.

அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது தெலுங்கில் ஓரெழுத்தும் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் நூலகத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த சந்தமாமாவை வைத்துத்தான் படிக்கக் கற்றுக்கொண்டாள். சந்தமாமா 1947 ஜூலையில் சென்னையில் தொடங்கியபோதே தெலுங்கில் ஒன்று, தமிழில் அம்புலிமாமா என்று ஒன்று, இரண்டும் சேர்ந்து வந்தன. இரண்டிலும் படம் ஒன்றே, கதை ஒன்றே. அம்மாவின் ஊரான சீர்காழியிலிருந்து மாமா அனுப்பும் அம்புலிமாமாவை மடியில் ஒரு பக்கமும், இரவல் வந்த சந்தமாமாவை மறுபக்கமும் விரித்துவைத்து, வேதாளம் பேசும் இடத்தைத் தமிழில் படித்துவிட்டுத் தெலுங்கில் தேடுவாளாம். ஒரு வருஷத்தில் யத்தனபூடி சுலோசனாராணியின் நாவல்களுக்கு வந்துவிட்டாள். அந்தச் சந்தமாமா எதுவும் அவள் பெயரில் எடுத்ததில்லை. எந்த நூலகப் பதிவேட்டிலும் அவள் இல்லை. ஆனால் அந்த நூலகம் உருவாக்கிய வாசகி அவள்.

இரவல் என்பதன் முழுக்கணக்கு இதனால்தான் ஒருபோதும் பேரேட்டில் தெரிவதில்லை. ஒரு கார்டில் ஒரு புத்தகம் வருகிறது. எடுத்தவர் படிக்கிறார். மத்தியானம் அவர் மனைவி படிக்கிறாள். பள்ளி விட்டு வந்த பிள்ளை படம் பார்க்கிறது. மாடி வீட்டில் இருப்பவர் இரண்டு நாள் கேட்டு வாங்கிப் போகிறார். நூலகத்துக்கு அது ஒரு பதிவு. வீட்டுக்கு அது நாலு வாசகர்.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர் இந்த ஊரின் 1947, 48 நாட்களை எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டும் இங்கே கிடைக்கவில்லை. சென்னையில் இருந்த தம்பி அவன் கார்டில் எடுத்து, சார்மினார் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்தான். தவணை முடிவதற்குள் அம்மாவும் அப்பாவும் நானும் மாறி மாறிப் படித்தோம். தினம் நடக்கிற தெருக்கள் அச்சில் தமிழில் இருந்ததைக் கண்டு அப்பா இரவெல்லாம் பேசிக்கொண்டிருந்தார்.

இன்று வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தேன். நூலக வரி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு எட்டுப் பைசா. 1960ஆம் ஆண்டு நூலகச் சட்டத்திலிருந்து வருவது. தமிழ்நாட்டில் ரூபாய்க்குப் பத்துப் பைசா. வாடகைக்கு இருப்பவர்களும் வாடகைக்குள் இதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீடும் நூலகத்துக்குப் பணம் தருகிறது. அப்படியானால் நூலகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் புத்தகம் வரவேண்டும். எனக்கு இது நேரான கணக்காகப் படுகிறது.

நவம்பர் 16, சனி

சிக்கட்பள்ளி. நாளையும் மறுநாளும் அரசு வேலைக்கான குரூப் 3 தேர்வு. அடுத்த மாதம் குரூப் 2. நகர மத்திய நூலகத்தில் நாற்காலி கிடைக்க விடியற்காலையிலேயே வருகிறார்கள். உள்ளே இடம் இல்லாதவர்கள் மரத்தடியில், படிக்கட்டில், சுவரோரம். நல்கொண்டா, மகபூப்நகர், ஆதிலாபாத் என்று வெளிமாவட்டப் பிள்ளைகள். அசோக் நகர் ஹாஸ்டல் அறைகளில் கட்டில் போட்ட பிறகு மேஜை போட இடம் இருக்காது. அதனால் புத்தகத்தைச் சுமந்துகொண்டு இங்கே வருகிறார்கள். மத்தியானத்துக்கு ஊரில் ஐந்து ரூபாய்ச் சாப்பாடு இருக்கிறது.

இவர்கள் நூலகத்தை ஆக்கிரமித்துவிட்டார்கள் என்று என் வயதுக்காரர்கள் சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தண்ணீர், நிதி, வேலை என்ற மூன்றைக் கேட்டுப் பிறந்த மாநிலம் தெலங்கானா. வேலைக்காகப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு விளக்கும் மின்விசிறியும் அமைதியும் இலவசமாகக் கிடைக்கும் இடம் ஊரில் வேறெங்கே இருக்கிறது? அது நூலகத்தின் பெருமை.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவர்கள் படிப்பது பெரும்பாலும் சொந்தப் புத்தகமும் கோச்சிங் சென்டர் நோட்ஸும். நூலகம் தருவது இடம். அலமாரிகள் பக்கம் யாரும் எழுந்து போகவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தெலங்கானா வரலாறு குறித்த வினாக்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கதைப் புத்தகம் படிப்பாயா என்று கேட்டேன். “ஸ்கூல்ல படிச்சேன் ஆன்ட்டி. ஊர் லைப்ரரில எடுத்துட்டுப் போவேன். இப்ப ஹாஸ்டல் அட்ரஸுக்கு மெம்பர்ஷிப் எடுக்கத் தோணல” என்றாள். அவள் தெலுங்கில் சொன்னதை நினைவிலிருந்து எழுதுகிறேன். வாசிக்கும் பழக்கம் விட்டுப்போன பிள்ளை இல்லை அவள். தினம் பன்னிரண்டு மணி நேரம் நூலகத்துக்குள் இருக்கிறாள். இருந்தும் இரவல் வாங்கும் பழக்கம் அவளிடமிருந்து நழுவிவிட்டது. முகவரி மாறிக்கொண்டே இருப்பவர்களை ஏற்கும் ஒரு கார்டு இருந்திருந்தால், இரவு தூங்கப்போகும்போது அரைமணி நேரம் அவளுக்கென்று ஒரு கதை இருந்திருக்கும்.

நாளை நன்றாக எழுது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

அபிட்ஸில் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடைகள். கடை அடைத்திருக்கும் ஷட்டர்களுக்கு முன்னால் நடைபாதை முழுக்கப் புத்தகம். பழைய தெலுங்கு நாவல்களில் பல, வாடகைப் புத்தகக் கடைகளின் ரப்பர் ஸ்டாம்புடன் இருந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்த ஊரில் அப்படிப்பட்ட கடைகள் பேட்டைக்குப் பேட்டை இருந்தன. யத்தனபூடியும் எண்டமூரி வீரேந்திரநாத்தும் வாராவாரம் கைமாறிய காலம். உருதுக்காரர்கள் இப்னே சஃபியின் துப்பறியும் நாவல்களை அதே போல வாடகைக்கு எடுத்தார்கள். டி.வி. வந்து அந்தக் கடைகளை மூடிற்று.

ஒரு நாவலின் பதினாறாம் பக்க மூலையில் சின்னச் சின்னக் குறிகள்: ஒரு நட்சத்திரம், ஒரு வட்டம், இரண்டு தெலுங்கு எழுத்து. பார்த்ததும் புரிந்தது. நிறையப் படிக்கிறவர்களுக்குத் தலைப்பு மறந்துபோகும். படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துப் போகாமல் இருக்க ஆளுக்கொரு குறியை ஒரு பக்க மூலையில் இட்டுவைப்பார்கள். நூலகத்துக்கும் இப்படி ஒரு வழக்கம் உண்டு: எல்லாப் புத்தகத்திலும் ஒரே ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் முத்திரை வைப்பார்கள். முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் யாருடையது என்று அந்த ரகசியப் பக்கம் சொல்லிவிடும்.

இரவல் வாங்குகிறவர்களின் கெட்ட பழக்கங்களும் எனக்குத் தெரியாமல் இல்லை. சமையல் குறிப்பைப் பிளேடால் அறுத்து எடுப்பது, கொலைகாரன் பெயரை முதல் பக்கத்தில் எழுதிவைப்பது, பிடித்த புத்தகத்தை அடுத்த முறை தனக்கே கிடைக்கவேண்டுமென்று சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது. இதையெல்லாம் காரணம் காட்டித்தான் அலமாரிக்குப் பூட்டுப் போடுகிறார்கள். கிழிந்தது போக மிஞ்சிய எல்லாப் புத்தகமும் பத்திரமாகத் திரும்பி வந்திருக்கிறதே, அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. முன்பின் தெரியாத ஒருவர் கையில் பொதுச்சொத்தைக் கொடுத்து, எடுத்துப் போ, இரண்டு வாரத்தில் கொண்டுவா என்று அரசாங்கம் சொல்கிற இடம் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. மக்களும் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கையின் பெயர்தான் இரவல்.

நவம்பர் 18, திங்கள்

சுல்தான் பஜார் ஸ்டேஷனில் இறங்கி பாஷா நிலையம் போனேன். கடைத்தெரு இரைச்சலுக்கு நடுவே இருக்கிறது. 1901 செப்டம்பர் 1 அன்று, ராமகோட்டியில் ராவிசெட்டு ரங்காராவின் வீட்டில் தொடங்கிய நூலகம். அவரோடு கொமர்ராஜு வெங்கட லட்சுமணராவும் நாயனி வெங்கட ரங்காராவும் சேர்ந்தார்கள். ஏராளமானோர் தெலுங்கு பேசிய ஊரில் பள்ளியும் அரசு அலுவலகமும் உருதுவில் நடந்த காலம். தெலுங்கில் படிக்கவேண்டுமென்றால் புத்தகம் வேண்டும். புத்தகம் வாங்கப் பலரிடம் காசில்லை. ஆகவே முதலில் ஒரு நூலகம். 1904இல் அனுமகொண்டாவில் ராஜராஜ நரேந்திரர் பெயரில் இன்னொன்று. 1906இல் இதே மனிதர்கள் விஞ்ஞான சந்திரிகா மண்டலி என்ற பதிப்பகத்தைத் தொடங்கி வரலாறும் அறிவியலும் தெலுங்கில் அச்சிட்டார்கள். முதலில் வாசகரைச் சேர்த்து, பிறகு அவர்களுக்கான புத்தகத்தை உண்டாக்கியிருக்கிறார்கள்.

பின்னால் நிஜாம் அரசு அனுமதி இல்லாமல் கூட்டம் போடக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தபோது, தெலங்கானா ஊர்களில் நாலு பேர் கூடிப் பேச மிஞ்சியிருந்த இடங்களில் நூலகமும் ஒன்று. ஒரு புத்தகத்தைக் கேட்டு வாங்குவதே அங்கே ஒரு துணிச்சல். ஒரு விவசாயி பத்திரிகையை இரவல் வாங்கிப்போய்த் தன் திண்ணையில் படித்தால், எழுதப் படிக்கத் தெரியாத பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். வெட்டி என்ற கூலியில்லாக் கட்டாய வேலைக்கு எதிரான பேச்சும் இப்படித்தான் வீடுகளுக்குள் போயிருக்கும்.

உள்ளே பழைய அட்டை கட்டிய தொகுதிகளைப் பார்த்தபோது மனம் நிறைந்தது. நூற்றிருபது வருஷமாக ஒரு மொழியை வீடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடம். கடைத்தெருவில் புடவை பார்க்க வரும் பெண்களில் பத்தில் ஒருவர் இந்தப் படியேறினாலும் போதும்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று வெளியே போகவில்லை. ரங்கநாதனைப் பற்றிச் சேர்த்துவைத்த குறிப்புகளை எடுத்துப் படித்தேன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். லண்டனில் படிக்கப் போனபோது க்ராய்டன் பொது நூலகத்தில் வேலை கற்றார். அங்கே எல்லாத் தரப்பு மக்களும் வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்ததுதான் அவரை மாற்றியது. ஊர் திரும்பியதும் பூட்டிய அலமாரியைத் திறந்துவிட்டார். வாசகரே போய் எடுக்கலாம் என்றார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் முதலாவது, புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது. காப்பதற்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நாட்டில் அதைச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டார்.

அதே 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வண்டி வரும் நாளுக்காக வயல் வேலைக்காரர்கள் காத்திருந்து வாங்கியிருப்பார்கள். 1935இல் ஆந்திரத்தில் பாதூரி நாகபூஷணம் கால்வாய்ப் படகில் நூலகம் நடத்தினார். கரையோர ஊர்களில் படகு நிற்கும். பழைய புத்தகம் ஏறும், புதியது இறங்கும். ரோடு இல்லாத இடத்திலும் இரவல் நடந்திருக்கிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அதற்கு அடுத்த சட்டம் 1955இல் இந்த ஹைதராபாத்தில். ரங்கநாதன் ஓயாமல் வலியுறுத்திய கருத்து, வரைபடத்தில் வடக்கே நகர்ந்து நான் வாழும் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. சீர்காழிக்காரியான அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். “நம்ம பக்கத்துக்காரர் வண்டி கட்டி அனுப்பினாரு. இப்போ நான் மூணு மாடி இறங்க முடியாம உக்காந்திருக்கேன். எனக்கு யாரு அனுப்புவா?” என்று கேட்டாள்.

கேரளத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. கிராம நூலகங்களிலிருந்து பெண்கள் புத்தகப் பையுடன் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் கொடுத்து வாங்குகிறார்கள். தமிழ்நாட்டிலும் நூலக நண்பர்கள் திட்டம் என்று தன்னார்வலர்கள் இப்படிச் செய்கிறார்கள். இங்கேயும் முடியாததில்லை.

நவம்பர் 20, புதன்

நூலக வாரம் இன்றோடு முடிகிறது. எங்கள் வீட்டில் வேலை செய்யும் லட்சுமியின் மகள் ஏழாம் வகுப்பு. தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றும் பேசுவாள். கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பாள். அவளை ஒரு கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். வாடகை வீட்டுக்கு முகவரிச் சான்று, பொறுப்பேற்க ஒருவர் கையெழுத்து, டெபாசிட். பொறுப்பு நான் ஏற்றேன், டெபாசிட்டும் கட்டினேன். மாலை இரண்டு புத்தகம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் தங்கைக்கும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறாள் என்பது புத்தகங்களைப் பார்த்தபோதே தெரிந்தது.

எல்லாக் குழந்தைக்கும் பொறுப்பேற்க ஆள் இருக்காது. ஆகவே இரவு உட்கார்ந்து தெலுங்கில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அம்மா எழுத்துப் பிழை திருத்தினாள். கேட்டிருப்பவை இவை. பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டெபாசிட்டும் ஜாமீனும் வேண்டாம். பள்ளி அடையாள அட்டை போதும். ஹாஸ்டலில் தங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஆறு மாதக் கார்டு கொடுங்கள். வாசிப்பு மண்டபத்துக்குள்ளேயே நாவல்களும் வாழ்க்கை வரலாறுகளும் கொண்ட ஒரு ரேக்கை வையுங்கள். இரவல் கவுண்டர் வேலைக்குப் போகிறவர்கள் வந்துசேரும்வரை மாலையில் திறந்திருக்கட்டும். தேதிச் சீட்டை மறுபடி ஒட்டுங்கள். படியிறங்க முடியாதவர்களுக்கு வாரம் ஒருமுறை புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து வாங்க எங்கள் குடியிருப்பிலிருந்தே ஆள் தருகிறோம். அனுமதி மட்டும் கொடுங்கள்.

கடைசி வேண்டுகோளுக்கு முதல் ஆளாக என் பெயரை எழுதியிருக்கிறேன். நாளைக் காலையில் மூன்று பிளாக்கிலும் கையெழுத்து வாங்க வேண்டும். எதிர்வீட்டு அக்காவும் லட்சுமியும் உடன் வருகிறார்கள். கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரிடமும் எங்கள் வீட்டு வரி ரசீதைக் காட்டப்போகிறேன். ரூபாய்க்கு எட்டுப் பைசா கொடுத்திருக்கிறோம். புத்தகத்தை வீட்டுக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு என்று சொல்லப்போகிறேன்.